வீட்டுத் தோட்டத்திற் செவ்வந்திச் செய்கை: மரக்கறிப் பாத்தியின் வேர்முடிச்சு நோய்க்கு ஒரு மாற்றுப் பயிர்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை நெல்லுக்குப் பேர்பெற்றது. வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரையோ மணற்பாங்கானது. அங்கே வீட்டு வளவிலேயே கிணற்று நீரை இறைத்துக் கத்தரி, தக்காளி, வெண்டி, மிளகாய், பயற்றை, பாகல் முதலிய மரக்கறிகளைச் செய்து வாழும் குடும்பங்கள் பல. அவ்வளவுகளில் ஒரே பாத்தியில் மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து செய்கை நடந்தபின், காரணம் விளங்காமற் செடிகள் குன்றிப்போவதைக் கமக்காரர் பலரும் கண்டிருப்பர். பசளையிட்டாலும் அவை தேறுவதில்லை. நீரூற்றினாலும் நண்பகலில் வாடி நிற்கின்றன. இக்கேட்டிற்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது நெமற்றோடு எனப்படும் வேர்முடிச்சு வட்டப்புழுவாகும். அதனை அடக்குவதற்கு எளியோரும் கைக்கொள்ளத்தக்க வழிகளுள் ஒன்று, நாம் கோயிலுக்கும் முற்றத்திற்கும் வளர்க்கும் செவ்வந்தியைப் பாத்தியிற் பயிராகவே செய்வதாகும். பூவும் கிடைக்கும், மண்ணும் தேறும். அதனைச் செய்யும் முறை இப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றது.

ஒரு தவறும் அதனாற் கற்ற பாடமும்

நான் போதனாசிரியராகக் கடமையேற்ற தொடக்க காலத்தில், எழுவான்கரைக் கிராமமொன்றில் அம்மையார் ஒருவர் தமது தக்காளிப் பாத்தியைக் காட்டி அறிவுரை கேட்டார். இலைகள் மஞ்சளித்திருந்தன, செடிகள் முழங்காலளவிற்கும் வளரவில்லை. மணல் நிலத்தில் தழைச்சத்துக் குறைவது வழக்கமாதலால், யூரியாவைச் சிறிது சிறிதாக இடுமாறு சொல்லி வந்துவிட்டேன். மூன்று வாரங்களின் பின் மீண்டும் சென்றபோது பாதிச் செடிகள் பட்டுப்போயிருந்தன. "பசளை போட்டும் செத்துப் போச்சே, மனே" என்று அவர் சொன்னார். அப்பொழுதுதான் ஒரு செடியை வேருடன் கிளப்பிப் பார்த்தேன். வேர் முழுவதும் மணிமணியாகத் திரண்டு முடிச்சிட்டிருந்தது. முதல்நாளே மண்வெட்டியை எடுத்து ஒரு செடியைக் கிளப்பியிருந்தால் அவருடைய பசளைச் செலவும் அப்போகத்து உழைப்பும் வீணாகியிரா. இலையைக் கண்டு மருந்து சொல்லாது, வேரைக் கண்டபின் சொல்லவேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

வேர்முடிச்சு வட்டப்புழு

இப்புழு கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் நீளமே கொண்டது. அது மண்ணீரில் நகர்ந்து சென்று இளவேரின் நுனியைத் துளைத்து உட்புகுந்து அங்கேயே தங்கிச் சாற்றை உறிஞ்சும். அது தங்கிய இடத்தில் வேர் வீங்கி முடிச்சாகும். பெண்புழு முடிச்சினுள் வெண்ணிறமாகத் திரண்டு, நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பசைபோன்ற திரளாக இடும். நமது வெப்ப மண்ணில் ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு ஒரு தலைமுறை பெருகும். நான்கு மாதம் நிற்கும் கத்தரிச் செய்கையொன்றில் நான்கு தலைமுறை பெருகுமாயின், அடுத்த செய்கைக்கு மண்ணில் எவ்வளவு புழு காத்திருக்கும் என்பதைக் கமக்காரரே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

மணல் நிலத்தில் மணிகளுக்கிடையே இடைவெளி அதிகமாதலால் இப்புழு எளிதில் நகரும். மணல் நீரைப் பிடித்து வைப்பதுமில்லை. ஆகவே சேதமுற்ற வேர், வெயிலில் செடிக்கு வேண்டிய நீரைக் கொடுக்கமாட்டாது. இவ்விரு காரணங்களாலும் களிப்பான படுவான்கரை நிலத்தைவிட எழுவான்கரை நிலத்திலேயே இதன் கேடு மிகுதியாகத் தெரிகின்றது. நோயுற்ற நாற்று, நோய்ப் பாத்தியில் வேலைசெய்த மண்வெட்டி, வாழைக்குட்டி, வழிந்தோடும் நீர் ஆகியவற்றின் வழியாக இது ஒரு வளவிலிருந்து மற்றொரு வளவிற்குச் செல்லும்.

நோயை அறிதல்

செடியை இழுத்துப் பிடுங்கலாகாது. இழுத்தால் நுண்வேர்கள் மண்ணிலேயே அறுந்துவிடும். மண்வெட்டியாற் சுற்றிவரக் கிளப்பி, வேரை நீரில் அலசிப் பார்க்கவேண்டும். பயற்றை, கச்சான் போன்ற அவரையினப் பயிர்களின் வேரில் இயல்பாகவே சிறு முண்டுகள் உண்டு. அவை காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் நன்மையான நுண்ணங்கிகளின் உறைவிடம். அம்முண்டுகள் வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலால் உரசினால் உதிரும். நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாயிருக்கும். புழுவால் உண்டான முடிச்சோ வேரே வீங்கியதாகும், உரசினால் உதிராது.

நன்கு செழித்து நின்ற கத்தரியோ தக்காளியோ இலை பச்சையாயிருக்கும்போதே திடீரென வாடிச் சாயுமாயின், அது பற்றீரியா வாடல் நோயாகவும் இருக்கலாம். அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையிற் சற்றுநேரம் அமிழ்த்திப் பிடித்தால், வெட்டுவாயிலிருந்து பால்போன்ற இழை இறங்குவதைக் கொண்டு அந்நோயை அறியலாம். செவ்வந்தி அந்நோய்க்கு மருந்தன்று. எந்த நோய் என்பதைத் தெளிந்த பின்னரே மேற்கொண்டு செய்வதைத் தீர்மானித்தல் வேண்டும்.

செவ்வந்தி செய்யும் வேலை

இங்கே நாம் செவ்வந்தி என்பது, மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பூத்து, இலையைக் கசக்கினாற் கடுமையாக மணக்கும் செடியை. தமிழ்நாட்டில் இதனைச் செண்டுமல்லி என்றும் கேந்தி என்றும் வழங்குவர். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியின் தாயகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவுமாகும். அந்நாட்டில் நவம்பர் 1ஆம், 2ஆம் நாள்களில் இறந்தோரை நினைந்து கல்லறைகளையும் வீடுகளையும் இப்பூவால் இன்றும் அலங்கரிக்கின்றனர்.

இதன் வேரில் வட்டப்புழுவுக்குக் கேடான பொருளொன்று உண்டு. 1958ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் இருவர் அதனைப் பிரித்தெடுத்து, அல்பா தேர்தையெனைல் எனப்படும் இரசாயனப் பொருள் என்று காட்டினர். வட்டப்புழுவின் குஞ்சு உணவை நாடிச் செவ்வந்தி வேரினுட் புகுந்தால், அங்கே அது முதிர்ந்து முட்டையிட முடியாமல் மடிகின்றது.

இதிலிருந்து கமக்காரர் அறியவேண்டியது ஒன்று உண்டு. இப்பொருள் உயிருள்ள வேரினுள்ளும் வேரை ஒட்டிய மண்ணிலுமே வேலை செய்கின்றது. பாத்தியின் நான்கு மூலையிலும் நான்கு செவ்வந்தியை நட்டுவிட்டுக் கத்தரி தப்பும் என்று காத்திருந்தாற் பயனில்லை. நான் மேலே சொன்ன அம்மையாரும் முதலில் அவ்வாறே ஓரத்தில் மட்டும் நட்டார். நடுப்பாத்தியிலிருந்த செடிகளின் வேர் முன்போலவே முடிச்சிட்டது. அடுத்த ஆண்டு மரக்கறியை நிறுத்திப் பாத்தி முழுவதும் நெருக்கமாகச் செவ்வந்தியை மட்டும் மூன்று மாதம் நிறுத்தினார். அதன்பின் நட்ட கத்தரியின் வேரில் ஆங்காங்கே சில முடிச்சுகளே காணப்பட்டன; செடியும் காய்த்து ஓய்ந்தது. எனவே நெருக்கம், காலம், களையின்மை ஆகிய மூன்றுமே இச்செய்கையின் உயிர்நாடி எனக் கொள்க.

இனங்கள்

இரண்டு இனங்கள் நமக்குப் பயன்படும். முதலாவது ஆபிரிக்கச் செவ்வந்தி. இடுப்பளவு உயரம் வரை வளர்ந்து, உருண்டு பருத்த பூவைத் தரும். மாலைக்கும் விற்பனைக்கும் ஏற்றது. இரண்டாவது பிரெஞ்சுச் செவ்வந்தி. ஓரடி உயரத்திற்குட் புதராகப் பரந்து, சிவப்புக் கலந்த சிறுபூக்களை நிறையப் பூக்கும். பெயர் எவ்வாறிருப்பினும் இரண்டும் அமெரிக்கச் செடிகளே. வட்டப்புழுவை அடக்குவதற்குப் பிரெஞ்சுச் செவ்வந்தி பொதுவாகச் சிறந்தது. ஆபிரிக்கச் செவ்வந்தியும் பயன்தரும். பூவை விற்கும் எண்ணமுள்ளோர் பாத்தியிற் பாதிக்கு ஒன்றும் மறுபாதிக்கு மற்றதுமாக நடலாம்.

கனடாவிலும் இலண்டனிலும் வாழும் உறவினர் அங்குள்ள தோட்டப் பூக்களின் விதையைக் கொண்டுவருவதுண்டு. எக்கினேசியா எனப்படும் கூம்புப்பூவைப் பற்றிச் சிலர் என்னிடம் கேட்டிருக்கின்றனர். அது வட அமெரிக்கப் புல்வெளிக்குரிய செடி. குளிர்காலத்தில் நிலத்தோடு மடிந்து, இளவேனிலில் மீண்டும் துளிர்க்கும் இயல்புடையது. நமது தாழ்நிலத்து ஓயாத வெப்பம் அதற்கு ஏற்றதன்று. அன்றியும் வெளிநாட்டு விதையையும் செடியையும் அனுமதியின்றிக் கொண்டுவருதல் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாறானது. ஒரு விதைப்பொதியுடன் வரும் நோய் ஊர் முழுவதையும் கெடுக்கக்கூடும். அதே குடும்பத்தைச் சேர்ந்த செவ்வந்தி, சீனியா, சூரியகாந்தி ஆகியன நமது வெயிலில் நன்கு வளர்வன, அவற்றையே கொள்க.

ஏற்ற காலம்

நமது மாவட்டத்திற்குப் பெருமழை வடகீழ்ப் பருவக்காற்றுடன் ஐப்பசி முதல் தை வரை பெய்கின்றது. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசி நிலத்தை உலர்த்தும். அக்காலத்தில் எழுவான்கரை வளவுகளில் மரக்கறிச் செய்கை குறைவாதலால், நோயுற்ற பாத்தியைச் செவ்வந்திக்கு விடுவது குடும்பத்திற்குப் பெருநட்டமாகாது. சித்திரைக் கடைசியில் விதையிட்டு, வைகாசிக் கடைசியில் நாற்றை நடுக. பிரெஞ்சுச் செவ்வந்தி விதையிட்ட ஏறக்குறைய 55 நாளிலும், ஆபிரிக்கச் செவ்வந்தி 65 முதல் 75 நாளிலும் பூக்கத் தொடங்கும். ஆகவே ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தத்திற்கு ஊரெங்கும் பூத் தேவைப்படும் வேளையில் உங்கள் பாத்தியிற் பூ நிற்கும். ஆவணிக் கடைசியிற் செடியை மண்ணுட் புதைத்து, புரட்டாதி நடுப்பகுதிக்குப் பின் மரக்கறியை நடலாம்.

நாற்றுமேடை

நோயில்லாத மண்ணில் நாற்றுமேடை அமைத்தல் முதற்கடமை. மூன்றடி அகலத்தில், ஆறங்குல உயரத்தில் மேடையிட்டு, நன்கு மக்கிய மாட்டெருவைக் கலந்து சமப்படுத்துக. அதன்மேல் வைக்கோலையும் உமியையும் மாறிமாறிப் படையாகப் பரப்பி, காற்று வீசும் திசைக்கு எதிராக மெல்ல எரியவிடுக. மேல்மண்ணிலுள்ள நோய்க்கிருமியும் புழுவும் களைவிதையும் பெரும்பாலும் அழியும். கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுமேடைக்கும் இதுவே முறை. மேடை ஆறியபின் சாம்பலை மண்ணுடன் கிளறி, நீர் தெளித்து விதைக்க வேண்டும்.

செவ்வந்தி விதை ஊசிபோல் மெல்லியது. ஒரு கிராமில் ஏறக்குறைய 300 விதை இருக்கும். மூன்றங்குல இடைவெளியிற் கோடு கிழித்து, கால் அங்குல ஆழத்தில் ஐதாகத் தூவி மூடுக. மேலே வைக்கோலை மெல்லிதாகப் பரப்பிப் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். நான்கு முதல் ஏழு நாளில் முளைக்கும். முளை கண்டவுடன் வைக்கோலை அகற்றுக. அகற்றத் தாமதித்தால் நாற்று வெளிறி நீளும். மாலையில் மிகையாக நீரூற்றினால் நாற்றழுகல் நோய் தோன்றும். காலையில் நீரூற்றுவதே நன்று. நண்பகல் வெயிலுக்குக் கிடுகால் நிழலிட்டு, நடுவதற்கு ஒருவாரம் முன்னர் நிழலைப் படிப்படியாக அகற்றிவிடுக. நான்கைந்து இலையும் நான்கங்குல உயரமும் உள்ள நாற்று நடுவதற்கு ஏற்றது.

நிலம் பண்படுத்தலும் நடுகையும்

முந்திய செய்கையின் செடிகளை வேருடன் கிளப்பி எரித்துவிடவேண்டும். அவற்றைக் கூட்டெருக் குழியிலிட்டால், அரைகுறையாக மக்கிய எருவுடன் புழுவும் மீண்டும் பாத்திக்கே வரும். பின்னர் ஓரடி ஆழத்திற்குக் கொத்தி, கச்சான் வெயிலில் ஒருவாரம் காயவிட்டு மறுபடியும் கொத்துக. கொத்தும் ஒவ்வொரு முறையும் கீழ்மண் மேலே வந்து வெயிலிற் காய்வதாற் புழு குறையும்.

மண்ணைத் திருத்துவதற்காக நடும்போது நாற்றுக்கு நாற்று ஏழங்குலமும், வரிசைக்கு வரிசை ஏழங்குலமும் விடுக. இதனிலும் ஐதாக நட்டால் வேர் மண்ணை நிரப்பாது. இருபதடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட பாத்தியொன்றிற்கு ஏறக்குறைய 240 நாற்று வேண்டும். பழுதையும் கணக்கிட்டு இரண்டு கிராம் விதையை நாற்றுமேடையிலிட்டாற் போதும். நோயற்ற நிலத்திற் பூவுக்காக மட்டும் ஆபிரிக்கச் செவ்வந்தியைச் செய்வோர், வரிசைக்கு வரிசை ஒன்றரை அடியும் செடிக்குச் செடி ஓரடியும் விட்டு நடலாம். மாலை வேளையில் நட்டு, உடனே நீரூற்றி, வெயில் கடுமையாயின் மூன்று நாள் ஓலையால் மறைப்பிடுக.

நீரும் பசளையும்

நட்ட முதல்வாரம் நாள்தோறும் சிறிது நீரும், வேரூன்றியபின் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையும் ஊற்றுக. பூவின்மேல் நீர்படாது அடியில் ஊற்றவேண்டும். கடலுக்கும் வாவிக்கும் அண்மையிலுள்ள கிணறுகளில், நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. இயந்திரத்தால் ஒரே மூச்சில் இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலேறும். காலையிற் சிறிதும் மாலையிற் சிறிதுமாக இறைப்பதே கிணற்றையும் பயிரையும் காக்கும். செவ்வந்தி சிறிதளவு உவரைத் தாங்கும். எனினும் இலைவிளிம்பு கருகத் தொடங்கினால் நீரைச் சோதித்தல் வேண்டும்.

மேற்சொன்ன அளவுடைய பாத்திக்கு, நடுமுன் மூன்று நான்கு கூடை மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு போதும். யூரியாவை மிகையாக இட்டால் இலை தழைக்கும், பூக் குறையும், தண்டு மென்மையாகிக் காற்றிற் சாயும். இரசாயனப் பசளைகளினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதி 2021ஆம் ஆண்டிற் சில மாதங்கள் தடைப்பட்டபோது, வளவில் எருக்குழி வைத்திருந்தோர் ஓரளவு தலைநிமிர்ந்து நின்றதை நாம் கண்டோம். மணல் நிலத்திற்கு எருவே முதல். அது நீரைப் பிடித்து வைப்பதுடன், வட்டப்புழுவைத் தாக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் வளர்க்கும்.

பராமரிப்பு

முதல் ஐந்து வாரமும் களையை இடைவிடாது பிடுங்கவேண்டும். களைகள் பலவற்றின் வேரிலும் வட்டப்புழு வாழ்ந்து பெருகுமாதலால், செவ்வந்திக்கிடையே களை நின்றால், பகைவனை ஒரு வாயிலில் மறித்து மறுவாயிலில் விருந்திட்டதாகும். செடிகள் கூடி நிலத்தை மூடியபின் களை தானே அடங்கும்.

ஆபிரிக்கச் செவ்வந்தி நட்டு நான்கு வாரமானதும் நுனிக்குருத்தைக் கிள்ளிவிடுக. பக்கக் கிளைகள் பல தோன்றிப் பூ மிகுதியாகும். பூக்கத் தொடங்கும் நாள் மட்டும் சிறிது பிந்தும். ஆகவே ஆடி அமாவாசைக்கு முன்னரே பூ வேண்டுவோர் பாத்தியில் ஒருபகுதியைக் கிள்ளாது விடலாம். உயர்ந்த செடிகளுக்குக் கச்சான் காற்றிற் சாயாதபடி அடியில் மண்ணணைத்தல் வேண்டும். பிரெஞ்சுச் செவ்வந்திக்குக் கிள்ளுதல் வேண்டியதில்லை.

வறண்ட காலத்தில் மைற்றா எனப்படும் சிற்றுண்ணி இலையின் அடிப்பக்கத்தில் நுண்ணிய வலைகட்டிச் சாற்றை உறிஞ்சும்; இலை வெளிறிப் புள்ளியிடும். நீரைப் பலமாக இலையின் அடியிற் படும்படி தெளித்தால் அது குறையும். மிகவும் தாக்குண்ட கிளையை வெட்டி எரிக்கவேண்டும். மழை தொடங்கினால் இலைப்புள்ளி நோய் வரக்கூடும். அடியிலைகளை அகற்றிக் காற்றோட்டம் உண்டாக்குக. நத்தைகளை மாலையிற் பொறுக்கி அழிக்கலாம்.

பூப்பறித்தல்

பூ முழுவதும் விரிந்தபின், பனி உலர்ந்து வெயில் ஏறுமுன் பறிக்கவேண்டும். ஈரத்துடன் குவித்தாற் பூ விரைவில் அழுகும். ஓலைப்பெட்டியில் ஐதாகப் பரப்பி நிழலில் வைக்குக. மூன்று நாளுக்கு ஒருமுறை பறித்துவந்தால் செடி தொடர்ந்து பூக்கும். பறியாது விட்டால் விதைகட்டிச் செடி முதிர்ந்துவிடும். இந்தியாவிற் சில பகுதிகளில் இப்பூவின் மஞ்சட் சாயத்தைப் பிரித்தெடுக்கும் ஆலைகளுக்காகக் கமக்காரர் இதனை ஏக்கர் கணக்கிற் செய்கின்றனர். அச்சாயம் கோழித் தீனியிற் கலக்கப்பட்டு முட்டைக் கருவிற்கு நிறமூட்டுகின்றது. நமக்கு இப்போதைக்கு ஊர்க் கோயிலும் வீட்டு விசேடங்களுமே சந்தை. எனவே எத்தனை பாத்தி செய்யலாம் என்பதை, பூ வாங்குவோரிடம் முன்னரே கேட்டறிந்து தீர்மானிக்குக.

செடியை மண்ணுட் புதைத்தல்

நட்டு மூன்று மாதம் நிறைந்ததும், விதை உதிரத் தொடங்குமுன், செடிகளை வெட்டித் துண்டாக்கிப் பாத்தியிலேயே பரப்பி, வேருடன் சேர்த்துக் கொத்தி மூடவேண்டும். இரண்டு மாதத்திற்குள் அகற்றிவிட்டாற் பலன் குறைவு. சிறிது நீர் தெளித்து இரண்டு மூன்று வாரம் மக்கவிட்டபின் மரக்கறியை நடுக. மழை நீர் தேங்கும் வளவாயின் பாத்தியை உயர்த்திக்கொள்ள வேண்டும். வெள்ளம் நிற்கும் இடத்தில், தை பிறந்து நீர் வடிந்தபின் நடுதலே நன்று. அதுவரை பாத்தியைக் களையின்றி வைத்திருக்குக.

இதன் பயன் பெரும்பாலும் ஒரு செய்கைக்கே நிற்கும். ஆழத்திலுள்ள புழு மீண்டும் மேலேறுமாதலால், பாத்திகளை மூன்று பங்காகப் பிரித்து, ஆண்டிற்கொரு பங்காகச் செவ்வந்திக்கு விட்டுவந்தால் நிலம் முழுவதும் முறையே தேறும். மூன்று பங்கில் இரண்டு எப்போதும் மரக்கறிக்கு இருப்பதாற் குடும்ப வருவாயும் தடைப்படாது. படுவான்கரையில் மரக்கறி செய்வோருக்கு வேறொரு வாய்ப்பும் உண்டு. பெரும்போக வேளாண்மைக்காக மாதக்கணக்கில் நீர் நின்ற வயலில், மரக்கறியைத் தாக்கும் வேர்முடிச்சுப் புழு பெரிதும் குறைந்திருக்கும். அவ்வயலிற் சிறுபோகத்திற் கத்தரியோ வெண்டியோ செய்தல் நன்று.

பிற பயன்கள்

தக்காளிக் காயைத் துளைக்கும் புழுவின் தாயந்து செவ்வந்திப் பூவை விரும்பி அங்கே முட்டையிடும். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தக்காளி வரிசைகளுக்கிடையே ஆபிரிக்கச் செவ்வந்தியைப் பொறிப்பயிராக நடும் முறையை விளக்கினர். பதினாறு வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செவ்வந்தி என்பது அம்முறை. 45 நாள் வயதுள்ள செவ்வந்தி நாற்றையும் 25 நாள் வயதுள்ள தக்காளி நாற்றையும் ஒரேநாளில் நட்டால் இரண்டும் ஒருங்கே பூக்கும். செவ்வந்திப் பூவிலுள்ள புழுவைப் பொறுக்கி அழித்தல் வேண்டும். அழியாதுவிட்டாற் பொறியே புழுப்பண்ணையாகிவிடும்.

தக்காளியைத் தாக்கும் வெண் ஈயைப் பிரெஞ்சுச் செவ்வந்தியின் மணம் ஓரளவு தடுக்கின்றதென்று இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் கண்ணாடிக் கூடங்களில் நடத்தி 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தொடக்கத்திலிருந்தே செவ்வந்தி உடன் நின்ற இடத்திலேதான் அப்பயன் தெரிந்தது. ஈ பெருகியபின் கொண்டுவந்து வைத்த இடத்தில் அவ்வாறு தெரியவில்லை.

நெற்செய்கையாளரும் பூச்செடியை வீணென்று எண்ணவேண்டியதில்லை. தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆகிய நாடுகளில் வயல் வரம்புகளில் எள்ளு முதலிய பூக்கும் பயிர்களை வளர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. பூந்தேனை உண்டு வாழும் நன்மைப் பூச்சிகள் பெருகியதாற் பூச்சிநாசினித் தெளிப்பு நூற்றுக்கு 70 பங்கு குறைந்ததுடன், விளைச்சலும் நூற்றுக்கு 5 பங்கு கூடியது. அறக்கொட்டி எனும் கபிலநிறத் தத்தியின் முட்டையை அழிக்கும் சிறுகுளவிகள் அவ்வாறு வாழ்வன. நமது வட்டைகளிலும் அகன்ற வரம்புகளில் எள்ளையும், ஒற்றை அடுக்குப் பிரெஞ்சுச் செவ்வந்தியையும் இடலாம். அடுக்கடுக்காக உருண்ட பூவிற் பூச்சிக்கு எட்டும் தேன் குறைவாகையால் வரம்பிற்கு அது ஏற்றதன்று. வரம்பிற் பூவை வளர்த்துக்கொண்டு, நெல்லின் முதல் 40 நாளுக்குட் காரணமின்றிப் பூச்சிநாசினி தெளித்தால் நன்மைப் பூச்சிகளே முதலில் மடியும்.

விதை சேமித்தல்

கடையிற் கலப்பின விதையை வாங்கிய செடியின் விதை மறுமுறை தாயைப்போல் அமையாது. நாட்டு விதையாயின், நோயற்ற செடியில் முதலிற் பூத்த நல்ல பூக்களைத் தேர்ந்து நூல்கட்டி அடையாளமிடுக. பூ பழுப்பாகிக் காம்பு உலர்ந்ததும் பறித்து, நிழலில் ஒருவாரம் காயவைத்து உதிர்க்கவேண்டும். கரிய ஊசிபோன்றதும் நுனியில் வெளிறிய குஞ்சமுடையதுமான விதையே முதிர்ந்தது. உலர்ந்த போத்தலில் அடியிற் கரித்துண்டு இட்டு, மேலே விதையைக் கடதாசியிற் பொதிந்து வைத்து, காற்றுப் புகாதபடி மூடி அடுத்த ஆண்டிற்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் முளைதிறன் குன்றும்.

முடிவுரை

செவ்வந்தி எல்லா நோய்க்கும் மருந்தன்று. நட்ட மறுநாளே பலன் தருவதுமன்று. ஆயினும் நோய்ப் பாத்தியிற் குருணை நஞ்சைத் தூவும் கமக்காரர் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். எழுவான்கரை மணலில் மேலே இட்டது நீருடன் கீழே இறங்கும். இறங்கும் இடம் நம் பிள்ளைகள் குடிநீர் அள்ளும் அதே கிணறாகும். மூன்று மாதம் ஒரு பாத்தியைப் பூவுக்கு விடுவதால் அந்த அபாயமின்றி நிலம் தேறுமாயின், அது நட்டமன்று.

இப்போகத்திற் செய்யவேண்டியது இதுவே. வாடி நிற்கும் செடியொன்றை மண்வெட்டியாற் கிளப்பி வேரை அலசிப் பார்க்குக. முடிச்சுக் கண்டால் அப்பாத்தியைக் குறித்து வைத்து, வரும் சித்திரையிற் செவ்வந்தி நாற்றுமேடை இடுக. ஐயம் தோன்றினால் அவ்வேரை ஈரமண்ணுடன் பையிலிட்டு, உங்கள் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக. பசளை வாங்குவது அதன் பிறகு ஆகட்டும்.